வெள்ளிக்கிழமை மாலை, எண் 61

வண்டியூர், மதுரை
6 ஜூலை 2025

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் என் தம்பி முத்துக்குமரனும் பாப்பாவும் சுகம்தானே? போனில் பேசலாம்தான். ஆனால் தம்பி போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நான் உன்னிடம் ஒன்று கேட்டால் அவன் பதில் சொல்கிறான், நடுவில் பாப்பா, பின்னால் டிவி. கல்யாணமான புதிதில் நீ எழுமலையிலிருந்து எனக்கு எழுதுவாயே, அந்த வழக்கத்தையே வைத்துக்கொள்வோம்.

ஒரு புதுச் செய்தி. கல்லூரியில் புள்ளியியல் நடத்துவது போக, சனிக்கிழமைகளில் இன்னொரு வகுப்பும் எடுக்கிறேன். உன் ஆஸ்பத்திரிக் குழுமத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவுக்குத்தான். மதுரைத் தலைமை அலுவலகத்தில் பதினான்கு பேர். நோயாளிகளின் விவரங்களை வேண்டாதவர் யாரும் திறந்துவிடாமல் காவல் காப்பது அவர்கள் வேலை. கெட்டிக்காரர்கள். ஆனால் நாளொன்றுக்கு நாலாயிரம் எச்சரிக்கை திரையில் வருகிறது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் அலுத்துப்போய்ப் பார்க்காமலே ‘சரி’ என்று அமுக்கிவிடுகிறார்கள். குவிந்து கிடக்கும் பதிவுகளை மொத்தமாக வைத்துப் பார்த்து, எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறு என்று பிரிக்க நான் சொல்லித்தர வேண்டும்.

பிரிவின் தலைவர் வெள்ளைத்துரை. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். முதல் நாளே, “டீச்சர், திருடனப் பிடிக்கிறதுக்கு சராசரி எதுக்கு? லத்தி போதாதா?” என்றார். நான் எல்லோரையும் தெப்பக்குளத்துக்கு அழைத்துப்போய்ச் சுவரில் உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் பாருங்கள், இங்கே வித்தியாசமான ஆள் யார் என்று சொல்லுங்கள் என்றேன். ஐந்தே நிமிடத்தில் வெள்ளைத்துரை ஒருவரைக் காட்டினார். எல்லோரும் நடக்கும்போது, நடக்காமல் தண்ணீரையே பார்த்து நின்றவர். பக்கத்தில் கடலை விற்றவர் சிரித்துவிட்டார். “அவரா? பத்து வருசமா அங்கனதான் நிக்கிறாரு. அவரு வரலைன்னாத்தான் நீங்க பயப்படணும்.” அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது.

உன் தைராய்டு மாத்திரையை விடாமல் போட்டுக்கொள்.

அன்புடன் மதினி,
தாமரைச்செல்வி


திருமங்கலம்
14 ஜூலை 2025

அன்பு மதினிக்கு செல்லத்தாய் எழுதுறது.

இங்க எல்லாரும் சுகம். உங்க தம்பிக்கு மட்டும் முழங்கால் வலி, அதுவும் கடைக்குப் போகச் சொன்னாத்தான் வலிக்குது. பாப்பா பதினொண்ணாம் வகுப்புல கம்ப்யூட்டர் எடுத்திருக்கா. அத்தை மாதிரி வரப்போறாளாம்.

உங்க வகுப்பு விசயத்த ரெக்கார்டு ரூம்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். என் பக்கத்து மேசை ஹம்சவேணிக்கு அம்புட்டு சந்தோசம். “உங்க மதினி வந்தா எங்க கம்ப்யூட்டர் மெதுவா ஓடுறதையும் சரிபண்ணச் சொல்லு”ன்னா. அது அவங்க வேலை இல்லடின்னேன். “டீச்சர்னா எல்லாந்தான் தெரியணும்”ங்கிறா. அவ வீட்டுல சௌராஷ்டிர பாஷையில திட்டிட்டு, ஆபீஸுக்கு வந்து எங்கள தமிழ்ல திட்டுவா. ஒன்பது வருசமா அவகூடத்தான் மதியச் சாப்பாடு.

ஒண்ணு கேக்கணும் மதினி. நீங்க பாக்குற அந்தப் பதிவுகள்ல நாங்களும் இருப்போமா?

உங்க உடம்பு எப்படி இருக்கு? வழக்கமா எழுதுற மாதிரி எழுதாம, நெசமாவே எப்படின்னு எழுதுங்க.

இப்படிக்கு,
செல்லத்தாய்


வண்டியூர்
27 ஜூலை 2025

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

தம்பியின் முழங்காலுக்கு நான் வைத்தியம் சொல்ல மாட்டேன். பையைக் கையில் கொடுத்துத் தெருவில் விடு, சரியாகிவிடும். பாப்பாவுக்கு என் முத்தம்.

நீ கேட்டதற்குப் பதில்: இருப்பீர்கள், ஆனால் பெயராக இல்லை. ஜனவரி முதல் ஜூன் வரையான பதிவுகளை எங்களுக்குத் தந்திருக்கிறார்கள். ஊழியர் பெயரும் நோயாளி பெயரும் எடுக்கப்பட்டு, எண்கள் மட்டும்தான். யார் எத்தனை மணிக்கு நுழைந்தார், எதைத் திறந்தார், எவ்வளவு நேரம் பார்த்தார்.

நேற்று ஒரு வேடிக்கை. திவ்யா என்று ஒரு பெண், இருபத்தாறு வயது, வகுப்பிலேயே கூர்மையானவள். திருமங்கலம் கிளையில் ஒரு எண்ணைப் பிடித்தாள். எண் 61. எல்லா நாளும் கடிகாரம் மாதிரி வேலை. பிப்ரவரி இருபத்தாறும் இருபத்தேழும் மட்டும் வேறு ஆள் கை. திறக்கும் வரிசை வேறு, வேகம் வேறு. அந்த இரண்டு நாளும் அந்த ஊழியர் விடுப்பில். “மேம், பாஸ்வேர்டு திருடு போயிருக்கு!” என்று கத்தினாள். வெள்ளைத்துரை எழுந்தே நின்றுவிட்டார்.

நான் தேதியைப் பார்த்தேன். மாசி சிவராத்திரி. அன்றைக்கு உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள் யார் ஊரில் இருப்பார்கள்? எல்லோரும் குலசாமி கோயிலில் அல்லவா இருப்போம்? “போனவர் பாஸ்வேர்டைப் பக்கத்து மேசையில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். மற்ற எண்களையும் அதே தேதியில் பாருங்கள்” என்றேன். பார்த்தால் அந்தக் கிளையில் ஏழு எண்கள், ஏழும் ஒரே கை. வெள்ளைத்துரை தலையில் கை வைத்துக்கொண்டார். “டீச்சர், இது திருட்டு இல்ல, மொய்!”

ஆனாலும் அது தவறுதான். கூடிய சீக்கிரம் சுற்றறிக்கை வரும், தயாராக இரு.

எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. வெயில்தான்.

அன்புடன்,
தாமரைச்செல்வி


திருமங்கலம்
4 ஆகஸ்ட் 2025

அன்பு மதினிக்கு,

பாப்பாவுக்கு நீங்க குடுத்த முத்தத்த உங்க தம்பிதான் வாங்கிக்கிட்டார். எல்லாரும் நல்லாருக்கோம்.

உங்க கடுதாசியப் படிச்சு எனக்கு சிரிப்பும் வந்துச்சு, பயமும் வந்துச்சு. ஆமா மதினி, சிவராத்திரின்னா எங்க ஏழு பேர் பாஸ்வேர்டும் ஹம்சவேணிகிட்டதான். சீட்டுல எழுதி டப்பா பையில வச்சிருப்பா. நாங்க லீவு போட்டா டெஸ்ட் ரிசல்ட் ஏத்த ஆள் கிடையாது, வாசல்ல சனம் காத்துக் கெடக்கும். வைகுண்ட ஏகாதசிக்கு அவ அழகர்கோயில் போயிருவா, அன்னைக்கு அவளோடத நாங்க பாப்போம். தப்புன்னு தெரியும். தப்பா தோணாமலே இம்புட்டு வருசம் போயிருச்சு.

எங்களத் திட்டுவாங்களா?

நீங்க வெயில்னு எழுதியிருக்கீங்க. இந்த வருசம் எங்கயாச்சும் முழு செக்கப் எதுவும் எடுத்தீங்களா? நாப்பத்தஞ்சுக்கு மேல எடுக்கணும்னு எங்க டாக்டரம்மா சொல்லிக்கிட்டே இருக்காங்க, அதான் கேட்டேன்.

உங்க பதிலுக்குக் காத்திருக்கும்,
செல்லத்தாய்


வண்டியூர்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். நேற்று இங்கே நல்ல மழை.

நேற்றைய வகுப்பைப் பற்றி எழுதலாமா கூடாதா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

61ஆம் எண்ணில் இன்னொன்று கிடைத்தது. சிவராத்திரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏப்ரல் பதினெட்டிலிருந்து ஜூன் முடிய, பதினோரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து பத்து, ஐந்து பன்னிரண்டு வாக்கில் ஒரே ஒரு நோயாளியின் பக்கம் திறக்கப்படுகிறது. திருமங்கலம் நோயாளி இல்லை, மதுரை நோயாளி. ஒரு நிமிடம்கூடப் பார்ப்பதில்லை. அச்செடுக்கவில்லை, நகல் எடுக்கவில்லை. திறக்கிறார், மூடுகிறார். “எதையும் எடுக்காத திருடனை நான் பார்த்ததில்ல மேம்” என்றாள் திவ்யா.

வெள்ளைத்துரை வருகைப்பதிவை வரவழைத்தார். அந்த ஊழியர் ஐந்து மணிக்கே விரல் வைத்துவிட்டு வெளியேறியதாக இருக்கிறது. அப்படியானால் திறந்தது பாஸ்வேர்டு தெரிந்த இன்னொருவர். சிவராத்திரிக்கு ஏழு எண்களையும் பார்த்த அதே பக்கத்து மேசை என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தின் நோயாளி எண்ணைத் திரையில் போடச் சொன்னேன். அந்த எண் அச்சிட்ட அட்டை என் கைப்பையில் இருக்கிறது, செல்லத்தாய்.

இனி வகுப்பைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன்.

தாமரைச்செல்வி


வண்டியூர்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தம்பி நேற்று போன் செய்தான். ஸ்பீக்கரில்தான். நீ பேசவில்லை. அடுப்படியில் தட்டு கழுவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

வகுப்பைப் பற்றி எழுத மாட்டேன் என்றேன். ஆனால் நான் செய்ததை எழுதலாம். 61ஆம் எண்ணைப் பற்றிய ஆய்வில் நான் இருக்கக் கூடாது, அந்த நோயாளி எனக்குத் தெரிந்தவர் என்று வெள்ளைத்துரையிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். இப்போது திவ்யா பார்க்கிறாள். நான் சொன்னது பொய்யில்லை. தெரிந்தவர்தான். ஆனால் வீட்டுக்கு வந்து வெகுநேரம் அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

முடிந்தபோது எழுது.

தாமரைச்செல்வி


திருமங்கலம்
15 செப்டம்பர் 2025

அன்பு மதினிக்கு,

நலம். வேலை ஜாஸ்தி, அதான் எழுத முடியல. எழுமலையில நல்ல மழையாம், கண்மாய்க்குத் தண்ணி வருதாம். பாப்பா காலாண்டுப் பரிட்சைக்குப் படிக்கிறா. உங்க தம்பிக்கு முழங்கால் தேவல.

ஹம்சவேணிய இருபத்திநாலாந் தேதி மதுரைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அவ புருசன் தவறி நாலு வருசமாச்சு. இந்த வேலைய வச்சுத்தான் மகன் கோகுல்நாத்த படிக்க வைக்கிறா.

வேற ஒண்ணும் இல்ல.

செல்லத்தாய்


வண்டியூர்
18 செப்டம்பர் 2025

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. நாலு முறை படித்தேன். தம்பிக்குக் கால் தேவலை என்பது மகிழ்ச்சி.

இருபத்துமூன்றாம் தேதி வரை நான் யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை. அதற்குமேல் பொறுக்க முடியாது. அந்த நோயாளி நான்தான் என்று சொல்லி, ஹம்சவேணி என்ற பெயரையே நான் கேள்விப்பட்டது உன் கடிதங்களில்தான், அவளுக்கு என் பக்கத்தைத் திறக்க ஒரு காரணமும் கிடையாது என்பேன். என்னால் அவ்வளவுதான் சொல்ல முடியும். யார் திறந்தது என்பதை நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

பாப்பா நன்றாக எழுதட்டும்.

தாமரைச்செல்வி


திருமங்கலம்
25 செப்டம்பர் 2025

அன்பு மதினிக்கு,

நீங்க சுகமான்னு இந்தத் தடவ கேக்க மாட்டேன். எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்.

நேத்து லீவு போட்டுட்டு ஹம்சவேணிகூட நானும் மதுரைக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடல. பஸ்ல அவ, “நீ எதுக்குடி வார, ஊர் சுத்தவா?”ன்னா. துணைக்குன்னேன். வெளியே பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க. கதவு சரியா சாத்தல, பேசுறது கேட்டுச்சு.

“61ஓட பாஸ்வேர்டு உங்ககிட்ட இருந்துச்சா?”ன்னு உங்க வெள்ளைத்துரை சார் கேட்டார்.

“இருந்துச்சு சார். அவங்களோடது என்கிட்ட, என்னோடது அவங்ககிட்ட. மறைக்க என்ன இருக்கு?”

“அப்ப வெள்ளிக்கிழம சாயங்காலம் திறந்தது யாரு?”

“தெரியாது சார்.”

மதினி, அவளுக்குத் தெரியும். அஞ்சு மணிக்கு விரல் வச்சுட்டு, பஸ்ஸுக்கு நேரமிருக்குன்னு நான் திரும்பி வந்து என் சீட்டுல உக்காருறத தினமும் பாக்குறவ அவதான். வெள்ளிக்கிழம நான் திரைய எட்டிப் பாத்துட்டு மூஞ்சி சுண்டிப்போய் எந்திரிக்கிறதையும் பாத்திருக்கா. அப்படியும் தெரியாதுன்னா.

நான் கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டேன். “நான்தான் சார் திறந்தேன்”னேன்.

“நீங்க யாரும்மா?”

“61.”

எதுக்குத் திறந்தீங்க, யாருக்காவது சொல்றதுக்கான்னார். அடுத்த ரிப்போர்ட் வந்திருச்சான்னு பாக்குறதுக்குன்னேன். யாரோடதுன்னார். எங்க மதினியோடதுன்னேன். அந்தப் பொண்ணு திவ்யா சட்டுனு நிமிந்து பாத்துச்சு. உங்க பேர நான் சொல்லல.

எப்படி ஆச்சுன்னா, ஏப்ரல்ல இங்க வந்த வேற ஒரு தாமரைச்செல்விய தேடினேன். மதுரையில இருக்கிற அதே பேரும் கூடவே வந்துச்சு. நாப்பத்தஞ்சு வயசு, வண்டியூர். கை தானா அமுக்கிருச்சு. மார்புல கட்டி, சந்தேகத்துக்குரியது, சதை எடுத்துப் பரிசோதிக்கணும்னு போட்டிருந்துச்சு. அந்தப் பரிசோதனை முடிவெல்லாம் வெள்ளிக்கிழமதான் ஏத்துவாங்க. அதனால ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாத்தேன். ஒண்ணுமே வரல. நீங்க போகவே இல்லைன்னு எனக்குப் புரியவே ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் பாக்க தைரியம் இல்ல. கடுதாசியில சுத்தி வளச்சுக் கேட்டேன். வெயில்னு எழுதிட்டீங்க.

எனக்கு மூணு வாரம் சஸ்பெண்டு. அப்புறம் ஸ்டோர் ரூமாம், கம்ப்யூட்டர் கிடையாது. ஹம்சவேணிக்கு மெமோ மட்டும். திரும்பி வாரப்ப திருப்பரங்குன்றம் தாண்டினதும் அவ என் பக்கம் திரும்பினா. அப்புறம் சொன்னா: “பதினோரு வாரமா அந்தப் பொட்டியத் திறந்து திறந்து பாத்தியே, ஒரு நாளாச்சும் அந்த மதினிகிட்டயே கேட்டிருக்கலாம்ல?”



கோவப்படுங்க. பேசாம இருங்க. ஆனா போயி அந்தப் பரிசோதனைய எடுத்துருங்க. ஏப்ரல்ல எழுதினது, இப்ப செப்டம்பர் முடியப்போகுது.

செல்லத்தாய்


வண்டியூர்
6 அக்டோபர் 2025

என் செல்லத்தாய்க்கு,

கோபப்பட்டேன். அதை மறைக்க வேண்டியதில்லை. என் எண்ணைத் திரையில் பார்த்த சனிக்கிழமை, துணி மாற்றும்போது யாரோ கதவைத் திறந்ததுபோல இருந்தது. பத்து நாள் உன்மேல் கோபம். அதற்குப் பிறகு அந்தப் பதினோரு வரிகளை வீட்டில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். நாற்பது நொடி, முப்பத்தைந்து நொடி, முப்பது நொடி. ஏன் இவ்வளவு சீக்கிரம் மூடுகிறாய் என்று வகுப்பில் பதினான்கு பேர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது. அங்கே பார்க்கப் புதிதாக ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் வைத்திருந்தது நான்.

ஏன் போகவில்லை என்று கேட்பாய். கல்லூரித் தேர்வு முடியட்டும் என்றேன், பிறகு விடைத்தாள், பிறகு இந்த வகுப்பு. உண்மையில் அந்தக் காகிதத்தை மறுபடி பிரிக்கப் பயம். தனியாக இருப்பவளுக்கு ஒரு வசதி, தள்ளிப்போட்டால் கேட்க ஆள் இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி சொல்லிவிடுவேன் என்று உனக்கு எழுதினேன், தைரியம் வரவில்லை, நீ முந்திக்கொண்டாய். போன மாதம் முப்பதாம் தேதி வெள்ளைத்துரையிடம் போய், உன் மதினி நான்தான் என்று சொன்னேன். ஒதுங்கியபோதே முழுவதும் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். “திவ்யா அன்னைக்கே கண்டுபிடிச்சிருச்சு டீச்சர். நீங்களா சொல்ற வரைக்கும் பேசக் கூடாதுன்னு எல்லாரும் இருந்தோம்” என்றார். விடுப்பில் போகிறவர்களின் வேலைக்குத் தனி எண் கொடுக்க வேண்டும் என்று திவ்யா அறிக்கையில் எழுதியிருக்கிறாள். அடுத்த சிவராத்திரிக்கு ஹம்சவேணி சீட்டு வைத்துக்கொள்ள வேண்டாம். மீதி வகுப்புகளுக்கு விடுப்புக் கேட்டேன். “சீக்கிரம் வாங்க டீச்சர், சராசரி எனக்கு இன்னும் பாதிதான் வருது” என்றார்.

நீ செய்தது தவறு, தண்டனை சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

நேற்று முன்தினம் சதை எடுத்துவிட்டார்கள். ஊசி குத்தியதுபோல, அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒரு படிவம் கொடுத்தார்கள். நோயாளியின் அறிக்கைகளை வேறு யார் பார்க்கலாம் என்று ஒரு கட்டம். போன தடவை அதில் கோடு போட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை எழுதினேன்: மு. செல்லத்தாய், தம்பி மனைவி. கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு முடிவு வரும். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வா. கவுண்டரில் நீயே கேட்டு, கவரை நீயே வாங்கிப் பிரி. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

உன் மதினி,
தாமரைச்செல்வி